வலப்பக்கம் தேய்ந்த டஸ்டர்

ஆர்லீன் கெச்சமின் காரில் ஓட்டுநர் இருக்கை புத்தம் புதிதாக இருக்கும். பக்கத்து இருக்கைதான் நைந்து நூல் நூலாகத் தொங்கும். எங்கள் மில்ஃபோர்க்கில் யாரும் அதை ஏன் என்று கேட்டதில்லை. போன ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சிக்கு இண்டியானபொலிஸிலிருந்து வந்த நடுவர் ஒருவர் கேட்டார். ஐம்பது வருஷமாக நான் பொத்தி வைத்திருந்தது அதில் வெளியே வந்துவிட்டது.

என் பெயர் மெர்ல் ட்ரெக்ஸ்லர். முப்பத்திரண்டு வருஷம் மில்ஃபோர்க் தபாலாபீஸ் கவுண்டரில் நின்றவன். ஆர்லீன் வெளியே போய்த் தபால் போடுகிறவள். மூன்றாம் நம்பர் ரூட்: நாற்பத்திரண்டு மைல் சரளைச் சாலை, முந்நூற்று எண்பது பெட்டிகள், பாலமில்லாத ஓடை இரண்டு. சொந்தக் காரில்தான் போகவேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம், தபால்பெட்டியோ சாலையின் வலப்பக்கம். அதனால் தபால் போடுகிறவர் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது காலைக் காரின் தரை நடுவே புடைத்திருக்கும் நடுமேட்டைத் தாண்டி நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, வலது கையால் ஜன்னல் வழியே பெட்டியில் போடுவார். ஒரு தடவை புதிதாக வந்த போலீஸ்காரப் பையன் அவளை நிறுத்தி, "டிரைவர் எங்கம்மா இறங்கி ஓடினான்?" என்று சோளக்காட்டுக்குள் தேடப் போய்விட்டான்.

1971-இல் அந்த ரூட் காலியானது. இரண்டு பேர் விண்ணப்பித்தோம். ஆம், இன்னொருவன் நான்தான். ஆர்லீனுக்கு அப்போது முப்பத்தொன்று. யாராவது லீவு போட்டால் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி வேலையில் இருந்தாள். முடிவு வருவதற்குள் அவசரக்குடுக்கை போய்க் காருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாள். எனக்கும் அன்று அந்தக் கார்க் கடையில் ஒரு வேலை இருந்ததால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்டது பிளிமத் டஸ்டர் 340. சின்னக் கார், பெரிய இன்ஜின். அந்த வருஷம் ஊர் விடலைகள் கனவில் ஓட்டிய வண்டி. கையில் சொற்பக் காசு இருப்பவனுக்கும் எட்டுகிற விலை. தொழிற்சாலையில் போட்டுத் தரும் சாமான்களின் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு விற்பனைக்காரர் கெஞ்சினார்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய இன்ஜினை எடுத்துட்டு, சோபா மாதிரி நீட்டு சீட்டு கேக்கறியே! தனித்தனி பக்கெட் சீட்டு போட்டுக்கோ. நடுவுல கியர் கம்பி வச்சுத் தரோம். பாக்கறவன் அசந்துடுவான்."

"நடுவுல கம்பி இருந்தா என் காலை எங்க வைக்கறது? மடிச்சுக் கைப்பையிலயா?"

"சரி, ரேடியோவாவது?"

"ஏப்ரல்ல தபால்ல கோழிக்குஞ்சுப் பெட்டி வரும். நூறு குஞ்சு பாடும். அது போதும்."

சரளைக்குக் கெட்டி ஸ்பிரிங். முந்நூற்று எண்பது தடவை நிறுத்துவதற்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். பனியில் மாட்டினால் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து இழுக்கும் அமைப்பு. கியர் ஸ்டீயரிங் தண்டில், தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர். விடலைகள் பந்தயத்துக்கு வாங்கியதை அவள் சேற்றுக்கு வாங்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது, ஏனென்றால் அவள் கேட்டது ஒவ்வொன்றும் சரி.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழைய வண்டியில் கல்லறைச் சாலையில் ஒரு மாதம் வலப்பக்கம் உட்கார்ந்து பழகினேன். கால் நரம்பு பிடித்து இழுக்கும், ஆனாலும் விடவில்லை. அந்த ரூட் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று மூச்சு முட்டியது.

பச்சை நிறத்தில் டஸ்டர் வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் தானியக் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், இல்லாத பெட்டிகளுக்கு இல்லாத தபாலை அவள் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நிறுத்துவாள், கையை நீட்டுவாள், நகர்த்துவாள். மழை வந்தும் நிற்கவில்லை. எனக்குக் கவுண்டராவது இருந்தது, அவளுக்கு அந்தக் காரைத் தவிர ஒன்றுமில்லை. மறுநாள் போஸ்ட்மாஸ்டரிடம் போய் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் பெயரைச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். என்னைப் பெரிய தியாகி என்று நினைக்கவேண்டாம். அடுத்த நாலு வருஷம் அவள் முகத்தைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

அவள் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அதே பாட்டு: "எனக்குப் போட்டியா ஒருத்தன் இருந்தானாம். என் பச்சைக் காரைப் பாத்ததும் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டான், பயந்தாங்கொள்ளி!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

பதினோரு பனிக்காலம் அந்தக் கார் ஓடியது. பிறகு அவள் ஜீப்புக்கு மாறினாள், டஸ்டர் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் போனது. இப்போது அவளுக்கு எண்பத்திரண்டு. பதினோரு வருஷம் நடுமேட்டைத் தாண்டி நீண்டிருந்த இடது காலின் இடுப்பு மூட்டை மருத்துவர்கள் எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. கார் அக்காள் மகனுக்குப் போகும். அவன் இப்போதே பக்கெட் சீட் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். கண்காட்சியில் 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்ற பிரிவில் தேறும் கார் மட்டும் மாவட்ட அருங்காட்சியகத்தில் அப்படியே நிற்கும், யாரும் கை வைக்க முடியாது. அவளுக்கு வேண்டியது அதுதான்.

"நீ ஓட்டிட்டு வா மெர்ல், என்னால ஆகாது" என்றாள். இடப்பக்கம் உட்கார்ந்து, மரியாதையாக ஓட்டிப்போனேன்.

நடுவருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைக் கையுறை, காரின் அடியைப் பார்க்கக் குச்சியில் கட்டிய கண்ணாடி. இன்ஜின் அறையில் இருந்த தகட்டின் எண்களையெல்லாம் ஒத்துப்பார்த்துத் தலையாட்டினார். பிறகு கதவைத் திறந்தார், முகம் மாறியது.

"அம்மா, டிரைவர் பக்கம் புதுசா இருக்கு. வலது பக்கம் கந்தல். வேற வண்டி சீட்டை மாத்தியிருக்கீங்க."

"மாத்தல. அது தபால் வண்டி. நான் வலது பக்கம் உக்காந்து ஓட்டினேன்."

அவர் சிரித்தார். "340-ல தபாலா? பிரேக் பெடல்கூட வலது ஓரத்துல மட்டும் தேஞ்சிருக்கு. எதையோ எதுலயோ சேத்திருக்காங்க. மன்னிக்கணும், இந்தப் பிரிவுல வராது."

"என்னைப் பொய்க்காரிங்கறியா?"

"ஓட்டிக் காட்டுங்க, ஒத்துக்கறேன்."

அவள் எழுந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். ஐம்பது வருஷத்தில் அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

நடுவர் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன். "நான் காட்டறேன்."

"உனக்கென்னடா தெரியும்? கவுண்டர்க்காரன்!" என்றாள் ஆர்லீன்.

வலப்பக்கம் ஏறினேன். முழங்கால் முனகியது, ஆனால் கால் தானாக மேட்டைத் தாண்டிப் பெடலில் போய் உட்கார்ந்தது. வண்டியைக் கிளப்பினேன். வேலியோரம் நின்ற எட்டுப் பேர் தொப்பியைக் கவிழ்த்துப் பெட்டி உயரத்தில் நீட்டினார்கள். கண்காட்சித் துண்டறிக்கையை ஒவ்வொரு தொப்பியாக நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டே போனேன். கடைசித் தொப்பியில் மட்டும் வண்டி கொஞ்சம் முந்திவிட்டது.

திரும்பி வந்தபோது நடுவர் தாளில் 'தேறியது' என்று குறித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆர்லீன் அவரைப் பார்க்கவில்லை. என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பழகின?"

"கல்லறை ரோட்டுல."

"எப்ப?"

"எழுபத்தொண்ணு. வசந்த காலம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எத்தனை கிறிஸ்துமஸ்டா சிரிச்ச?" என்றாள் கடைசியில்.

"எண்ணல."

அருங்காட்சியகப் படிவத்தை வாங்கி மடியில் வைத்து எழுதினாள். 'இதை ஓட்டியவர்கள்' என்ற கட்டத்தில் முதலில் அவள் பெயர்: மூன்றாம் ரூட், பதினோரு வருஷம். அதற்குக் கீழே என் பெயர்: மெர்ல் ட்ரெக்ஸ்லர், மூன்றாம் ரூட், ஏழு பெட்டி.

எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எட்டு பெட்டி" என்றேன்.

"ஏழுதான். எட்டாவதைக் கீழ போட்டுட்ட."