ஜியென் டீச்சர் வேண்டாம் என்றார்

ஜியென் டீச்சர் விருதை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். கல்லூரி வாசலில் வெங்காயத்தாள் ரொட்டி சுடும் அம்மாள்தான் எனக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னது நூலகக் காவலாளி. காவலாளிக்கு யார் சொன்னதென்று அவருக்கே தெரியவில்லை.

"மேடையில யார் பக்கத்துல நாற்காலி போட்டிருக்காங்கன்னு பார்த்திருப்பாங்க, பிடிச்சிருக்காது. அந்தம்மாவுக்கு அந்தக் கர்வம் உண்டு," என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வந்து, யீலான் ஊரின் இந்தச் சின்ன நர்ஸிங் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். யாராவது கோபித்துக்கொண்டார்கள் என்று காதில் விழுந்தால், அதில் என் தப்பு என்ன என்றுதான் இன்றைக்கும் முதலில் யோசிப்பேன். டீச்சரும் அவர் கணவரும் எனக்கு நேர் மேல்வீடு. பத்து நாளாக டீச்சர் படி இறங்கி வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வரும் சனிக்கிழமை கல்லூரிக்கு அறுபது வயது நிறைகிறது. பேர் வாங்கிய பழைய மாணவிகள் ஆறு பேருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேருக்கும் மேடையில் விருது கொடுத்து மரியாதை செய்யப்போகிறார்கள். அந்த நான்கில் ஜியென் ஷியோலுவான் என்ற பெயர் இல்லையென்றால், மற்ற மூன்று பேருக்குமே கூச்சமாக இருக்கும்.

ஜியென் டீச்சர் தோசெங் கடற்கரையில் படகு வைத்திருந்தவரின் ஐந்தாவது பெண். பதினைந்து வயதில் இந்தக் கல்லூரி தொடங்கிய இரண்டாவது வருஷம் மாணவியாகச் சேர்ந்தார். நடுவில் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததைத் தவிர வேறெங்கும் போகவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பாடம் எடுத்தார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதில்லை, பேராசிரியர் ஆனதும் இல்லை. படுக்கை விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது, ரத்தம் எடுப்பது என்று முதல் வருஷப் பாடங்கள் மட்டும்தான் கடைசிவரை அவருடையவை.

ரத்தம் எடுக்கப் பழகும் பெண்கள் ஒருவர் கையில் ஒருவர் குத்திக்கொள்வதுதான் வழக்கம். இவர் வகுப்பில் முதல் குத்து இவர் கையில். "பக்கத்துல இருக்கறவ அழுதா நீயும் அழுவ. நான் அழமாட்டேன். குத்து," என்று இடது சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு வசந்த காலத்திலும் அந்தக் கை முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்துக் கிடக்கும். காய்கறிச் சந்தையில் பெண்கள் அவர் கணவர் ஜின்தூவைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ரயில்வேயில் சிக்னல் பார்த்த சாதுவான மனிதர் அவர். "வலது கையையும் அந்தப் பிள்ளைங்ககிட்ட கொடுத்துடு. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, இதுதான் இவங்க நிறம்னு விட்டுடுவாங்க," என்றாராம்.

மூன்று வருஷம் முன்னால் டீச்சருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போயிருந்தேன். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர், விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸிடம் சொன்ன முதல் வார்த்தை: "மூலை மடிப்பு சரியில்லை." அந்த நர்ஸுக்கே நாற்பது வயதிருக்கும். குரலைக் கேட்டதும் கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "ஜியென் டீச்சரா?" ஒரு மணி நேரத்துக்குள் மற்ற மாடிகளிலிருந்து பதினொரு நர்ஸுகள் வந்து வணங்கிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் போகும்போது அந்த விரிப்பின் மூலையை ஒருதரம் தொட்டுப் பார்த்தார்கள். என்னவோ எனக்கே அவர் சொந்தம் என்பதுபோல, வந்தவர்களுக்கெல்லாம் பழத்தை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவர் வேண்டாமென்றார் என்றால் எப்படி? மதியம் இரண்டாவது வகுப்பு முடிந்ததும் பழைய மாணவியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருப்பவர் லோ. இருபது வருஷம் ராணுவம், அப்புறம் எங்கள் கல்லூரியிலேயே மாணவிகளுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுக்கும் அதிகாரி. இந்த வருஷம்தான் இந்த நாற்காலிக்கு மாற்றினார்கள். பட்டியலை எடுத்து நீட்டினார். டீச்சர் பெயருக்கு நேராக, அளவுகோல் வைத்த மாதிரி சிவப்புக் கோடு.

"போன்ல என்ன சொன்னாங்க?"

"'எனக்கெல்லாம் எதுக்குங்க, என்னைவிட நல்லவங்க எத்தனையோ பேர் இருக்காங்க'ன்னாங்க. சரிங்கம்மான்னு வெச்சுட்டேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சார்? வேண்டாம்னு தெளிவா சொல்லிட்டாங்க. அஞ்சு மணிக்கு நிகழ்ச்சி அட்டை அச்சுக்குப் போகுது. மூணு பேர்தான்."

ஜன்னலோரம் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி கோப்பையைக் கீழே வைத்தார். யோ பீஷியா. தைபேயில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நர்ஸுகளுக்கெல்லாம் தலைமை, விருது வாங்கும் ஆறு பேரில் முதல் பெயர். புகைப்படம் எடுப்பதற்காக அன்று காலை வந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவைதான் கேட்டீங்களா?" என்றார்.

"ஆமாம்மா."

"லோ அண்ணே, நீங்க இந்த ஊர்லதானே பொறந்தீங்க? பசியில காது அடைச்சுப் போனவங்ககூட இங்க முதல்ல 'இப்பதான் சாப்பிட்டேன்'னு தான் சொல்வாங்க. முதல் தடவையே சரின்னு சொல்ல டீச்சர் என்ன பஸ்ஸுல சீட்டா பிடிக்கறாங்க?"

லோவின் கழுத்து சிவந்தது. "பட்டாளத்துல ஒரு தடவை சொன்னா முடிஞ்சுதும்மா."

"இது பட்டாளமில்ல. இப்பவே கூப்பிடுங்க. வேண்டாம்பாங்க. மறுபடி கூப்பிடுங்க. மூணாவது தடவை ஒத்துக்குவாங்க. இல்லாட்டி என் பேரையும் அடிச்சிடுங்க. என்னை ஊசி பிடிக்க வெச்சவங்க கீழே இருக்க, நான் எந்த முகத்தோட மேடையில உக்கார்றது?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க அவங்க கீழ்வீடுதானே சார்? போய் அவங்களோட இருங்க. வெளிய கிளம்பிடாம பார்த்துக்குங்க. ஆனா ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. நாம சொல்லித்தான் கேக்கறாங்கன்னு தெரிஞ்சா நிஜமாவே வரமாட்டாங்க."

மேல்வீட்டுக்குப் போனபோது டீச்சர் கூடத்துத் தொலைபேசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. தேநீர் வேண்டாமென்றேன். அது காதில் விழாததுபோல் ஊற்றிக் கொடுத்தார். அலமாரிக் கதவில் கருநீல மேல்சட்டை ஒன்று சலவை உறையோடு தொங்கியது.

"பத்து நாளா சந்தைக்கு நான்தான் போறேன்," என்றார் ஜின்தூ. "இவங்களுக்கு முழங்கால் வலியாம். போன் பக்கத்துல நடக்கறப்ப மட்டும் வலிக்கறதில்ல."

"சும்மா இருங்க," என்றார் டீச்சர்.

போன் அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார். லோவின் குரல் எங்கள் நாற்காலிவரை கேட்டது. டீச்சர் சுவரைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். "அய்யோ, இந்தக் கிழவியை எதுக்குங்க சிரமப்படுத்தறீங்க. சின்னவங்க யாருக்காவது கொடுங்க. நீங்க கூப்பிட்டதே எனக்குப் போதும்." வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அந்த முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"சரின்னு சொன்னா நாக்கு உதிர்ந்துடுமா?" என்றார் ஜின்தூ.

"ரெண்டாவது தடவையிலயேவா? என் பிள்ளைங்க என்ன நினைப்பாங்க?"

அப்போது மணி மூன்றே முக்கால். நான்கு அடித்தது. நாலே கால் ஆயிற்று. ஜின்தூ செய்தித்தாளின் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு அச்சு என்பது இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. லோ இரண்டாவது கோடும் போட்டுவிட்டு அட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தால்? இந்த ஊர் மரியாதைகளெல்லாம் தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவசரத்துக்கு எதைச் சொல்லலாம் என்று தெரியவில்லை.

நாலரைக்கு டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த லோ ராணுவத்துல இருந்தவர், இல்லையா தம்பி?"

"ஆமாம் டீச்சர்."

"எனக்கு அது ஞாபகமே வரல." கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு நர்ஸ் தொப்பி சூட்டற விழா நடக்கும். பிள்ளைங்க ஒவ்வொருத்தியா மேடை ஏறுவாங்க. நான் கடைசிப் படிக்குக் கீழே நின்னு தொப்பி நழுவாம பின் குத்திவிடுவேன். அங்க நின்னாத்தான் எல்லா முகமும் தெரியும். மேல நான் போனதே இல்ல. அப்ப தோணினதும் இல்ல." அலமாரிக் கதவில் தொங்கிய மேல்சட்டையைப் பார்த்தார். "இந்தத் தடவை போகணும்னு இருக்கு. இவர்கிட்டகூட சொல்லல."

"எனக்குக் காது கேக்கும்," என்றார் ஜின்தூ செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

டீச்சர் சிரிக்கவில்லை. "நான் பண்ணினது வேலைதான். ஆனா நல்லாப் பண்ணினேன், தம்பி. ஒரு பிள்ளையையும் கை நடுங்க வெளிய அனுப்பினதில்ல."

பத்தொன்பது வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருதரம்தான். 'ஆமாம் டீச்சர்' என்று மட்டும் சொன்னேன். வேறெதுவும் அந்தச் சமயத்துக்குப் பொருந்தியிருக்காது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

ஜின்தூ செய்தித்தாளைக் கீழே போட்டார். நான் எழுந்தே விட்டேன். டீச்சர் எழுந்து போனை நோக்கிப் போகாமல் கண்ணாடி முன்னால் போய் நின்றார். சீப்பை எடுத்து நெற்றியோரத்து நரைமுடியைப் படிய வாரினார்.

"போன்ல முகம் தெரியாதும்மா," என்றார் ஜின்தூ. குரல் கெஞ்சியது.

"எனக்குத் தெரியும்ல," என்றார் டீச்சர்.

மூன்றாவது மணி. சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். நான்காவது மணி அடித்தபோது முதுகை நிமிர்த்திக்கொண்டு, முழங்காலில் எந்த வலியும் இல்லாதவராகக் கூடத்தின் குறுக்கே நடக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை.