ஆர்லிஸ் டிரெய்லரைப் பின்னால் எடுத்த கதை

எங்கள் ஊர்ப் பக்கம் யாரிடமும் எதைப் பற்றியும் உண்மையான கருத்தை வாங்கிவிட முடியாது. வாயில் வைக்க முடியாத சாப்பாட்டை "வேற மாதிரி இருக்கு" என்பார்கள். சொர்க்கமே இறங்கி வந்து வாசலில் நின்றாலும் "பரவாயில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அமெரிக்காவின் இந்த மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, மாநிலப் பூங்கா ஒவ்வொன்றுக்கும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய், ராத்தங்கி, குளியலறை நாறினால் நாறுகிறது என்றே இணையத்தில் எழுதினாள். அவள்தான் ஆர்லிஸ் நோர்ட்பி. பள்ளிப் பேருந்து ஓட்டுவதில் எனக்கு சீனியர். அந்த நாளிலிருந்தே சிநேகிதி.

ஓய்வு பெற்ற கையோடு படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பழைய டிரெய்லரை வாங்கி, பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒவ்வொரு முகாமுக்கும் ஐந்து புள்ளி. குளியலறை சுத்தத்துக்கு ஒன்று, தரை சமமாக இருந்தால் ஒன்று, ராத்திரி அமைதிக்கு ஒன்று, பக்கத்துக்காரன் குறட்டை காதில் விழாத இடைவெளிக்கு ஒன்று. ஐந்தாவது புள்ளி ஆண்களுக்கு. அந்தப் புள்ளியை அவள் யாருக்கும் கொடுத்ததே இல்லை.

காரணம் உண்டு. முகாமுக்குள் வரும் டிரெய்லரை அதன் இடத்துக்குள் பின்னால் எடுக்கத் தொடங்கினால் போதும், மடக்கு நாற்காலிகளில் சாய்ந்திருக்கும் ஆண்கள் பீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒருவர் இடது பக்கம் ஒடி என்பார், ஒருவர் வலது என்பார், மூன்றாமவர் எதுவும் சொல்லாமல் காற்றில் மாவு பிசைவார். ஓட்டுவது பெண் என்றால் கேட்கவே வேண்டாம். ஆர்லிஸ் முதல்முறை போன முகாமில் ஒருவர் வண்டிக் கதவையே திறந்து, "இறங்குங்கம்மா, நான் போட்டுத் தரேன்" என்றாராம். உறைபனியில் வழுக்கும் ரோட்டில் பேருந்து நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலம் முழுக்க ஓட்டியவளிடம். அன்றைக்குத்தான் ஐந்தாவது புள்ளி பிறந்தது. வண்டி நிற்கும்வரை ஓர் ஆண்கூட எழுந்திருக்காத முகாம் எதுவோ, அதற்குத்தான் அது.

என் வீட்டுக்காரர் டுவேன் இருக்கும் முகாமுக்கு அந்தப் புள்ளி கிடைக்க வாய்ப்பே இல்லை. மனுஷன் டிரெய்லர்களுக்கு வழி காட்டுவதற்கென்றே ஆரஞ்சு நிறக் கையுறை வாங்கி வைத்திருக்கிறார். விமான நிலையத்தில் வேலை கிடைக்காத குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறார்.

வெண்டல் கோஸ்கி வேறு ரகம். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டே வயதானவர், வார்த்தையையும் எடை போட்டுத்தான் விடுவார். மனைவி இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஒரு கோடையில் ஆர்லிஸின் பக்கத்து இடத்தில் தங்கியவர், பிடித்த மீனைச் சுத்தம் செய்து, துண்டு போட்டு, தட்டில் வைத்து அவள் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார். அவள் வறுத்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கே இடம் பிடிக்கிறாளோ, இரண்டு இடம் தள்ளி அவருடைய டிரெய்லரும் நிற்கும். யதேச்சையாக வந்ததுபோல் இருவரும் முகத்தை வைத்துக்கொள்வார்கள். பார்க்கிற எனக்குத்தான் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

போன இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வெண்டல் நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "என் டிரெய்லர் கூரை ஒழுகுது" என்றார்.

"தார் பூசு" என்றாள் ஆர்லிஸ்.

"பூசினேன். இனிமே பூச இஷ்டமில்ல."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் வெளிப்படையாக யாரும் பெண் கேட்டதில்லை. நான் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். ஆர்லிஸ் ஒரு விறகைத் தள்ளிவிட்டாள். "இந்த மாநிலத்துல இன்னும் ஒரே ஒரு பூங்காதான் பாக்கி. அதை முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான், பேச்சு மீன் பக்கம் போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்தில் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ஏண்டி, இந்த வயசுல இன்னும் என்னடி யோசனை? தங்கமான மனுஷன்."

"தங்கம்தான், கார்லா. ஹெர்ப்பும் கல்யாணத்துக்கு முன்னாடி தங்கம்தான்."

ஹெர்ப் அவளுடைய முன்னாள் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் பிரேக் மிதித்தவர். "திரும்பு, மெதுவா, பாரு, பாருன்னு சொன்னேன்ல" என்றே வழியெல்லாம் வருவார். வண்டியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, சூப்பை எந்தப் பக்கம் கிளறுவது என்பதற்கும் அவரிடம் வழி இருந்தது. அவள் விட்டு விலகியபோது ஊரே ஆச்சரியப்பட்டது, நான் படவில்லை. "என் வண்டிக்குள்ள இப்பத்தான் அமைதியா இருக்கு. இன்னொரு குரல் வேணுமான்னு தெரியல" என்றாள் ஆர்லிஸ்.

பாக்கியிருந்த அந்தக் கடைசிப் பூங்கா வடக்கே ஸ்பூன் ஏரி. அடுத்து வந்த கோடைக்கு அங்கே முகாம் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வெண்டல் பெயர் கொடுத்துவிட்டார். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. முகாம் பார்த்துக்கொள்பவரின் வேலையே வருகிற டிரெய்லர்களுக்கு வழி காட்டுவதுதான். ஆர்லிஸ் வரும்போது இவர் பூங்கா பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு எழுந்து நின்று கையை ஆட்டினால், புள்ளி போவது இருக்கட்டும், மனுஷனே போய்விடுவார். கல்யாணத்தை நடத்திவைக்கப்போவதுபோல நானும் டுவேனும் ஒரு நாள் முன்னதாகவே போய் இறங்கினோம்.

அங்கே பார்த்தால், வெண்டல் ஒரு பெரிய டப்பா நிறைய புளிப்பான ரூபார்ப் தண்டு போட்ட கேக் துண்டுகளை எடுத்துக்கொண்டு டிரெய்லர் டிரெய்லராகப் போய்க்கொண்டிருந்தார். ஆண் இருக்கும் இடத்திலெல்லாம் நிற்பார், ஒரு துண்டு நீட்டுவார், குனிந்து ஏதோ சொல்வார். எங்களிடமும் வந்தார். நாளை மதியம் வெள்ளை டிரெய்லர் ஒன்று வரும், என்ன நடந்தாலும் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார். நான் அந்த மனுஷனிடம் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை கேட்டதே இல்லை. மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள், டுவேன்தான் முரண்டு பிடித்தார். அவசரம்னா என்ன பண்றது என்று கேட்டார். அவசரத்திலும் உட்காரத்தான் வேண்டும் என்றார் வெண்டல். நான் கையுறையை எடுத்து ஒளித்து வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, முகாம் நிறைந்திருந்தது. ஆர்லிஸின் வண்டி வளைவில் தெரிந்ததும் ஆண்கள் எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டுவேன் எழுந்துவிடாதபடி அவர் மடியில், இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட சூடான ஹாட்டிஷ் தட்டையும், ஒரு கையில் நாயின் கயிற்றையும் கொடுத்திருந்தேன். வெண்டல் அவள் இடத்துக்கு நேர் எதிரே, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பல் டாக்டரிடம் போனவர்போல இருந்தார்.

அந்த இடம் கொஞ்சம் வில்லங்கமானது. வளைவில் ஒரு பிர்ச் மரம், அதைத் தாண்டினால் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் தண்ணீர்க் குழாய். ஆர்லிஸுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. மற்ற நாளாக இருந்தால் ஒரே வீச்சில் உள்ளே வைத்திருப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் கண் வண்டிக் கண்ணாடியில் இல்லை. வரிசையாக உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு தன்னையே பார்க்கும் அத்தனை ஆண்களையும் அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அவள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. எவன் முதலில் எழுவான் என்று காத்திருந்தாள். எவனும் எழவில்லை. டிரெய்லர் மரத்தைத் தாண்டியது. குழாயை நோக்கிப் போனது.

வெண்டலைப் பார்த்தேன். அவருடைய விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. நெற்றியில் வியர்வை. பின்புறம் நாற்காலியிலிருந்து எழும்பியது, மறுபடி உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மளக்கென்று ஒரு சத்தம். குழாய் அடியோடு சாய்ந்து, தண்ணீர் அந்த பிர்ச் மரத்தின் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. கீழே வந்த தண்ணீர் டுவேன் தலையிலும் ஹாட்டிஷிலும் விழுந்தது. நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்த நிலையிலும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஓர் ஆண்கூட எழுந்திருக்கவில்லை. சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, தொப்பியிலிருந்து தண்ணீர் வடிய, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்தே இருந்தார்கள். பூங்கா அலுவலரான ஓர் இளம்பெண்தான் ஓடிவந்து பெரிய வால்வைத் தேடி மூடினாள்.

ஆர்லிஸ் வண்டியிலிருந்து இறங்கினாள். சேற்றில் நடந்து வெண்டல் முன்னால் போய் நின்றாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்ப இருந்து?"

"மரத்தைத் தாண்டினதுல இருந்து."

"வாயைத் திறந்திருக்கலாமேய்யா. ஒரு புள்ளிக்காகவா குழாயை இடிக்க விட்டே?"

வெண்டல் தொப்பியைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டி, மறுபடி போட்டுக்கொண்டார். எடை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"புள்ளிக்காக இல்ல, ஆர்லிஸ். நீ வேணாம்னு சொன்ன ஒண்ணை என்னால செய்யாம இருக்க முடியுதான்னு பார்த்தேன். முடியுது. ஆனா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

ஆர்லிஸின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதைப் பார்த்து நனைந்த ஆண்கள் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள், ஹாட்டிஷில் நீந்திக்கொண்டிருந்த டுவேன் உட்பட.

ஸ்பூன் ஏரிக்கு என்ன புள்ளி என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு. சரித்திரத்தில் முதல்முறையாக ஆண்களுக்கான புள்ளி கிடைத்தது. ஆனால் அன்று இரவு முகாமில் தண்ணீர் வரவில்லை, தண்ணீர் வராத குளியலறைக்கு ஆர்லிஸ் புள்ளி தருவதில்லை, குழாயை உடைத்தது யாராக இருந்தாலும். அபராதம் கட்டினாள், அதையும் மறைக்காமல் எழுதினாள்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் வண்டிக்குத் திரும்பினாள். டிரெய்லர் இன்னும் கோணலாகத்தானே நின்றது. இன்ஜினைப் போட்டு, கண்ணாடியை இறக்கினாள்.

"வெண்டல், எந்திரி."

அவர் எழுந்தார். உடம்பு முழுக்கத் தண்ணீர் வழிந்தது. முகாம் பார்த்துக்கொள்ள வந்தும் அதுவரை ஒரு டிரெய்லருக்கும் அவர் வழி காட்டியதில்லை போலும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வண்டியின் பின்பக்கமாகப் போய் நின்றார்.

"அங்க இல்ல" என்றாள் ஆர்லிஸ். பக்கத்து இருக்கையில் கிடந்த வரைபடத்தையும் ஸ்வெட்டரையும் எடுத்துப் பின்னால் போட்டாள். அவள் வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த இருக்கையில் அவள் சாமான்களைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இங்க வந்து ஏறு."

அவர் சுற்றி வந்து, ஏறி, கதவை மெதுவாகச் சாத்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்லிஸ் கொஞ்சம் முன்னால் எடுத்து, ஒரே வீச்சில் டிரெய்லரை நேராக உள்ளே வைத்தாள். இன்ஜினை நிறுத்திய பிறகும் இருவரும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் டுவேனின் ஈரத் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தேன்.