பஸ் நிலையத்தில் ஒரு தோள்வலி

பதுளையில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்காக நிற்கிறேன். இங்கிலாந்தில் எலும்பு மூட்டு வைத்தியத்தில் விசேட பயிற்சி பெறும் நான், விடுமுறைக்கு வந்திருக்கிறேன். அந்தச் செய்தி எனக்கு முன்பே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"டாக்டரம்மா, இதக் கொஞ்சம் பாருங்க." தோட்டத்தில் கொழுந்து பறிக்கும், எங்கள் வரிசை வீடுகளுக்கு அடுத்த லயத்து மாரியக்கா, லீக்ஸ் தாள் எட்டிப் பார்க்கும் காய்கறிப் பையை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது தோளைக் காட்டுகிறார்.

பயிற்சியின் முதல் மாதம், நோயாளியிடம் நேரே மருந்தைச் சொன்னதற்காக எனக்கு நல்ல திட்டு விழுந்தது. முதலில் அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க வேண்டுமாம். இப்போது வாய் பழகிவிட்டது.

"ஒங்களுக்கு என்னவா இருக்கும்னு தோணுது அக்கா?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்க்கிறார். "அது தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் கேக்குறேன்? நம்ம டிஸ்பென்சரி ஐயா மொகத்தப் பாத்தே மாத்திரை குடுத்துருவாரு."

"அங்க இப்படித்தான் கேக்கணும். சும்மா சொல்லுங்க."

யோசிக்கிறார். "கொழுந்துக் கூடை இழுத்த இழுப்புதான். ஒரு வாரம் தூக்காம இருந்தா சரியாப் போயிரும்."

கையை உயர்த்தச் சொல்லி, தோளை அழுத்திப் பார்க்கிறேன். "ஆமாங்க, அதேதான்."

பஸ் வருகிறது. அக்கா எனக்கும் இடம் பிடித்து வைக்கிறார். முன் சீட்டில் ஒருவர் முழங்காலைத் தடவியபடி என் பக்கம் திரும்புகிறார். நான் வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொள்கிறார்.

"மொதல்ல ஒங்களுக்கு என்னன்னு தோணுது, அதச் சொல்லுங்க. டாக்டரம்மா பொறகு ஆமான்னு சொல்லுவாங்க."