ஏழாம் எண்ணில் ஆடிய நாற்காலி

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு, படுக்கையில் அவருக்குத் தூக்கம் வரவேயில்லை. ஆனால் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து சித்தூருக்குத் திரும்பிய அன்று, வேனில் ஏறிய பத்தாவது நிமிடமே தூங்கிவிட்டார். வண்டி குலுங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் தூங்கினார், வீட்டு வாசலில் நின்றதும் விழித்துக்கொண்டார். அவருக்கு ஆட்டம் வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

நான் திருப்பதியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அலிபிரிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த தேக்குச் சாய்வு நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்தேன். ஆடுவதற்கு வளைந்த கால்கள் உள்ள நாற்காலி அது. காலால் உந்தத்தான் நைனாவுக்குப் பலமில்லை. அதனால் உடைத்துப் பிரித்த வேன் ஒன்றின் வைப்பர் மோட்டாரை எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் பிளைவுட் பெட்டிக்குள் பொருத்தினேன். மோட்டார் சுற்றினால் ஓர் இரும்புக் கம்பி முன்னும் பின்னும் போய்வரும். கம்பியின் மறுமுனை நாற்காலியில்.

முதல் நாள் நைனா உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகவில்லை. "நிறுத்துடா. மாட்ட கட்டி இழுக்கற மாதிரி இருக்குது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த நாற்காலிக்கு என்று ஒரு வேகம் இருந்தது, மோட்டார் அதை மதிக்காமல் இழுத்தது. கம்பியை அறுத்து நடுவே இரண்டு ஸ்பிரிங் வைத்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் போட்டு, அதைச் சுற்றிப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எழுதி ஒட்டினேன். வலது கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்துகிற சுவிட்ச். நைனா உட்கார்ந்தால் ஆறில் வழுக்கிக்கொண்டு ஆடியது. நான் அவரைவிடக் கனம், எனக்கு ஐந்து. ஆள் லேசாக இருந்தால் நாற்காலி வேகமாக ஆடும், எண்ணைக் கூட்ட வேண்டும். அன்று மதியம் ஆறில் வைத்தபடியே நைனா இரண்டு மணி நேரம் தூங்கினார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

என் மனைவிக்கும் மகளுக்கும் திருப்பதியில் வேலை, படிப்பு. நைனா சித்தூரை விட்டு வர மாட்டேன் என்றார். அதனால் அவரைப் பார்த்துக்கொள்ளக் குடிபாலா பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை அமர்த்தினோம். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. காலையில் வந்து இருட்டுவதற்குள் போய்விடுவார், பிறகு பக்கத்து வீட்டில் இருக்கும் என் சித்தப்பா வந்து படுத்துக்கொள்வார். வந்த முதல் நாளே அந்த அம்மாவும் அவரை நைனா என்று கூப்பிட்டார். அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

நான் ஞாயிறுதோறும் போவேன். மார்கழி தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெகுலேட்டர் ஆறரையில் இருந்தது. கை பட்டிருக்கும் என்று நினைத்து ஆறுக்கு மாற்றினேன். அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம் ஏழுக்கும் மேலே. யார் மாற்றியது என்று நைனாவைக் கேட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த அம்மாவைக் கேட்டதற்கு, "நான்தாண்ணா திருப்பனேன். ஆறுல வெச்சா நைனாவுக்குத் தல ஒதறுது" என்றார்.

நான் நம்பவில்லை. என் கணக்கில் ஏழு என்பது நைனாவைவிட லேசான ஆளின் எண். வீட்டில் அப்படி ஒரே ஆள்தான். நைனாவைக் கட்டிலில் போட்டுவிட்டு மதியமெல்லாம் இந்த அம்மா நாற்காலியில் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஸ்பிரிங் தளர்ந்திருப்பதும் அதனால்தான் என்று நினைத்துப் புதிது மாற்றினேன். அப்புறமும் நைனாவின் தலை ஆறில் உதறத்தான் செய்தது. அதையும் பார்த்தேன், புது ஸ்பிரிங் பழக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடுவில் அந்த அம்மா இரண்டு முறை போன் செய்தார். "நைனா சரியா துன்றதில்லண்ணா. நீங்க ஒருக்கா வந்து பாருங்க" என்றார். சமைக்கச் சோம்பல் பட்டுப் பழியை அவர்மேல் போடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறன்று நேரில் கேட்டால் நைனா நன்றாகச் சாப்பிடுவதாகத்தான் சொல்வார். குளிருக்குக் கழுத்துவரை சால்வை போர்த்தி, நான் போகும்போதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாலையில் அவரைக் கட்டிலுக்கு மாற்றுவதற்குள் எனக்குப் பஸ் நேரமாகிவிடும்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஒரு புதன்கிழமை லீவு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மதியம் வீட்டை நெருங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

நாற்காலியில் நைனாதான் இருந்தார். அந்த அம்மா கீழே தரையில், மடியில் சாதக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். ரெகுலேட்டரை ஒரு விரலால் மெல்லத் திருப்புவதும் நைனாவின் தலையைப் பார்ப்பதுமாக இருந்தார். தலை உதறாமல் நின்றதும் கையை எடுத்தார். எட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"இன்னும் ஒரே வாய் நைனா."

"வத்துமா, வேணாம். சாலு, போதும்" என்றார் நைனா. அந்த அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும், வலது கையால் துண்டை வாயருகே கொண்டுபோய், வாயிலிருந்ததைத் துப்பி மடித்து இடுப்போரம் சொருகினார். பிறகு இருமினார். நிற்காமல் இருமினார்.

நான் உள்ளே ஓடினேன். கட்டிலில் படுக்கவைக்க அவரைத் தூக்கினேன். சால்வை நழுவியது. எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைத்துக் கையைக் கொடுத்தேனோ, அதில் முக்கால்கூட இல்லை. எண் ஏறிக்கொண்டே போனது இதனால்தான். அந்த அம்மா கொல்லைக் கொடியில் துவைத்துப் போட்டிருந்த துண்டுகளைக் காட்டினார். எட்டுத் துண்டுகள்.

"தெனம் இதாண்ணா. தொவைக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சிது. அதான் போன் பண்ணேன்" என்றார்.

அன்றே திருப்பதிக்குக் கொண்டுபோனேன். பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் பலவீனப்பட்டிருக்கிறது, சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகின்றன என்றார் டாக்டர். கெட்டியான கூழாகக் கொடுக்க வேண்டும், முகவாயைத் தாழ்த்தி விழுங்க வேண்டும், சாப்பிடும்போது நாற்காலி ஆடவே கூடாது. ஏன் மறைத்தீர்கள் என்று நைனாவைக் கேட்டேன். வேலூரில் பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சாப்பாடு செலுத்த மூக்கில் குழாய் விட்டிருந்ததைப் பார்த்தாராம்.

"சொன்னா எனுக்கும் உட்டுடுவாங்க. நீ வேற வாராவாரம் அந்தப் பொட்டியப் பாத்துக்கினு கேள்வி கேக்கற. நான் துன்றது துன்னாதது எல்லாம் அதுல பதிவாவுதுன்னு இருந்தேன்" என்றார்.

மோட்டார் பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்து, ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவுதானா என்றார். முழுக்க நம்பினாரா என்று தெரியவில்லை.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. என்ன நினைத்தேன் என்பதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்த நம்பர நீங்க பாக்கற பார்வையிலயே தெரிஞ்சிதுண்ணா. நான் ஒரு நாளும் அதுல உக்காந்ததில்ல. பெரியவரு உக்கார்ற எடம்" என்றார்.

கூழும் பொறுமையுமாக நைனாவுக்குக் கன்னம் கொஞ்சம் தேறியது. தை முடிந்து, மாசியும் முடிகிற சமயத்தில், தடா பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி அந்த அம்மா நின்றுகொண்டார். நிஜமாகவே வேலைக்காகத்தானா, என்னாலா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. போகும் நாளில் கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று கரண்டியில் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் ஓர் ஓய்வுபெற்ற வார்டு பாய். வந்த முதல் வாரமே ஒரு காலை போன் செய்து, நைனா இன்று ஏனோ பேசவேயில்லை என்றார். அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். நைனா வாசலுக்கு முகம் காட்டி உட்கார்ந்து, வந்தவரின் வேகமான தெலுங்கு புரியவில்லை என்று முறைத்துக்கொண்டிருந்தார். வேறொன்றும் இல்லை.

"இன்னாடா, வேல நாள்ல வந்துக்கினு?" என்றார்.

சும்மாதான் வந்தேன் என்று சொல்லி, கூழைக் கலக்கப் போனேன்.