எங்கள் அக்கா வாழைக்குத் தண்ணீர் விட்ட விதம்

அன்னூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்து, சோமனூரில் வாழ்க்கைப்பட்டு, மாமா காலமானபின் அவர் கோவையில் வாங்கிப்போட்ட சிறு வீட்டில் தனியே வாழ்ந்து, சென்ற ஆவணியில் எங்களைப் பிரிந்தார் எங்கள் அக்கா. துக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லாரும் அவரைப் பொறுமைசாலி என்று சொன்னீர்கள். உண்மைதான். எதற்காகப் பொறுத்தார் என்பதை நான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அக்காவின் வீட்டின் மேல் ஒரு கண். விலை கேட்டார், அக்கா மறுத்தார். ஒரு வருடம் ஐப்பசி மழை பொய்த்தது. மார்கழியில் பனிதான் கொட்டியது, மண் நனையவில்லை. இரு வீட்டுக்கும் பொதுவான கிணற்றைப் பெரியவர் கம்பிவலை போட்டுப் பூட்டிவிட்டார்; அக்கா கொல்லையில் வளர்த்த வாழைகளுக்கும் தண்ணீர் நின்றது.

“மனுசனுக்கே தண்ணி இல்லீங்க அம்மணி. செடி காஞ்சா காயட்டும். பேசாம ஊட்டக் குடுத்துப்போட்டுத் தம்பியோட போயிருங்க.”

அக்கா என்னைக் கூப்பிட்டார். “வாழை காஞ்சா நான் தோத்தேன்னு அர்த்தம். கடப்பாரைய எடு கண்ணு.”

பெரியவர் வீட்டுக் குளியல் தண்ணீர் சுவரோரமாக ஓடித் தெருவுக்குப் போகும். சுவரடியில் ஒரு செங்கல்லைப் பெயர்த்தால் அத்தனையும் நம் வாழைக்கு. அவர் உண்டு உறங்கும் மதிய வேளையில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு குத்துக்கும் கடப்பாரை கோயில் மணி போல ஒலித்தது. செங்கல் பெயர்ந்தது, சுவருக்கு மேலே ஒரு தலையும் முளைத்தது.

“ஏனுங்க தம்பி, என்னங்க நோண்டறீங்க?”

“பெ... பெருச்சாளிங்க.”

“கெடச்சுதுங்களா?”

“மொகம் மட்டுந்தான் தெரியுதுங்க,” என்றேன், அவர் முகத்தையே பார்த்து. அவர் நம்பித் தலையை இழுத்துக்கொண்டதும், உள்ளே ஓடி ஒரு குடம் தண்ணீரையும் குடித்து முடித்தேன்.

“அது வாழைக்கு வெச்சதுடா பாவி!” என்றார் அக்கா.

அன்று முதல் அந்த வீட்டில் யார் குளித்தாலும் எங்கள் வாழை குடித்தது. அக்கா சுவரோரம் நின்று, “ஊத்து, இன்னொரு சொம்பு ஊத்து,” என்று முணுமுணுப்பார். அந்த வீட்டு மருமகளுக்குச் சளி, இரண்டு நாளாகக் குளியல் இல்லை என்றதும் சுக்குக் காப்பியோடு ஓடினார். எத்தனை அன்பு என்று அவர்கள் நெகிழ்ந்தார்கள்.

தையில் பெரியவர் மகளுக்குக் கல்யாணம். வாசலில் கட்டக் குலை தள்ளிய வாழை உக்கடம் சந்தை வரை தேடியும் கிடைக்கவில்லை. அக்காவிடம் வந்து நின்றார்.

“ரெண்டு மரம் குடுங்க அம்மணி.”

“கெணத்துச் சாவியக் குடுத்துப்போட்டு வெட்டிக்குங்க.”

கொடுத்தார். “இந்த வறட்சியில எப்படிங்க?”

“எல்லாம் உங்க ஊட்டுப் புண்ணியமுங்க.”

அதன்பின் வீட்டை யாரும் விலை கேட்கவில்லை. ஒவ்வொரு குலையிலும் முதல் சீப்பு பெரியவர் வீட்டுக்கே போனது. தேனாட்டமிருக்குதுங்க என்பார். அக்கா தலையாட்டுவார்.

மருத்துவமனையில் என் கையைப் பிடித்து அக்கா கடைசியாகச் சொன்னது: “நான் போனதுக்கப்புறம் எழுதிப்போடு. அவரு படிக்கோணும்.”

அக்காவுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்துக் கவனித்த உறவினர்களுக்கும், தோள் கொடுத்த நண்பர்களுக்கும் நன்றி. மார்கழிக் குளிரையும் பாராமல் இரு வேளையும் சோப்புப் போட்டுக் குளித்து, அக்காவின் வீட்டைக் காப்பாற்றித் தந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் குடும்பத்தாருக்கும் எங்கள் சிரம் தாழ்ந்த நன்றி.