பாய் கொடுத்த தடி

எனக்கு அந்நியர் முன்னால் பேச வராது. அதனாலேயே என்னைப் பெண் பார்க்க அழைத்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக மாம்பலத்தில் ஒரு இடம் வந்தது. இதுவும் தவறினால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார் மாமா, என் அக்கா புருஷன்.

அப்போது மயிலாப்பூரில் வக்கீல், குமாஸ்தா எல்லோரும் மாலையில் கைத்தடியோடுதான் வெளியே வருவார்கள். நான் வேலை செய்த துணிக்கடைக்கு அடுத்த கடையில் ஒரு பாய் தடிகளுக்குப் பிடி கடைந்து போடுவார். என் கவலையைக் கேட்டு, தம்முடைய தடியையே எடுத்துக் கொடுத்தார். காட்டில் கொடி சுற்றி இறுக்கியதால் முறுக்கிக்கொண்டே வளர்ந்த கிளை அது. வெள்ளிப் பிடி.

"கையில புடிச்சிக்கினா நடுக்கம் தெரியாது தம்பி. பிடிய மட்டும் திருகாதீங்க" என்றார். கழன்று வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் மாமாவும் ஏறின ஜட்கா வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தொர, மூணாங்காலு மொளச்சிகினு கீது?" என்றார். மாமா சிரித்தார். எனக்கு வேர்த்தது.

வீட்டுக்குள் போனால் தடியைச் செருப்போடு வாசல் மூலையில் விடுவதுதான் வழக்கம். நான் விடவில்லை. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "தம்பிக்கு எந்தக் கடையில வேலை?" என்று கேட்டார். என் விரல்கள் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தன. 'சரக்'கென்று பிடி கையோடு வந்தது. அதன் கீழே முழ நீளத்துக்குக் கத்தி.

பெண்கள் அலறினார்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "வாய் திறக்கத் தெரியல, கத்தி உருவத் தெரியுதா!" மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது சமையலறை வாசலிலிருந்து பெண்ணே பேசினாள். "இவரா வெட்டப் போறாரு? கையைப் பாருங்கப்பா, எப்படி நடுங்குது. முதல்ல தண்ணி குடுங்க."

தண்ணீரைக் குடித்தேன். பிறகு எப்படியோ பேச்சு வந்தது. "தடி என்னுது இல்லீங்க. பக்கத்துக் கடை பாயோடது. பிடியத் திருகாதீங்கன்னாரு. பயத்துல திருகிட்டேன்."

அப்பா மெல்ல உட்கார்ந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இரவல் தடின்னு எந்த மாப்பிள்ளைய்யா சபையில சொல்லுவான்?" என்று மாமாவிடம் கேட்டார். அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது.

பாய் கல்யாணத்துக்கு ஒரு தடி கொண்டுவந்தார். ஒரே கட்டை. "இத எவ்ளோ வேணாலும் திருகுங்க தம்பி, உள்ள ஒண்ணும் கிடையாது" என்றார்.

மாலையில் அவளோடு சாந்தோம் கடற்கரைக்குப் போகும்போது இன்றும் அதைத்தான் எடுத்துப் போகிறேன். எதிரில் வருகிறவர் நின்று பேச்சுக் கொடுத்தால் என் விரல்கள் பிடிக்குப் போய்விடும். அவள் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு முந்தி, "நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள்.