மொரித்தாவுக்குக் கஞ்சி

கலாவதியின் கைகள் கஞ்சியை வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தன. ஒரு பருக்கை தங்கினாலும் மொரித்தாவுக்குப் புரையேறிவிடும். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு விழுங்குவது சிரமம். அமெரிக்காவில் டல்லாஸை ஒட்டிய பிளானோவில் அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த நாள் முதல் இந்தக் கஞ்சியைத்தான் கொடுத்துவந்தாள். ஜப்பான்காரர், சோறு தின்று வளர்ந்த உடம்பு.

அவர் மனைவி ஒடெத் பிரெஞ்சுக்காரி. முதல் வாரமே உருளைக்கிழங்கை வெண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்தாள். கலாவதி மறித்துவிட்டாள்.

"மேடம், உங்க ஊர்ச் சாப்பாட்டை அவர்மேல திணிக்காதீங்க. சீக்குல கெடக்கறப்ப அவங்கவங்க ஊர்ச் சாப்பாடுதான் எறங்கும்."

ஒடெத்தின் முகம் சிவந்தது. பாத்திரத்தைத் திருப்பி எடுத்துப் போய்விட்டாள்.

மொரித்தா தினமும் பாதிக் கிண்ணம் குடிப்பார், தலையை லேசாகத் தாழ்த்துவார். எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் இளைத்தால் வயிற்றில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"குழாய் வெச்சுட்டா அப்புறம் நாக்குக்கு ஒண்ணுமே கெடையாது சார். உங்க ஊர்க் கஞ்சிதானே, குடிச்சிருங்க" என்று கலாவதி கரண்டியை நீட்டினாள்.

அவர் வார்த்தைகளை இழுத்து இழுத்துச் சொன்னார். "கஞ்சி ஒடெத்துக்குப் பிடிக்கும். எனக்கு... வெண்ணெய்."

அருகில் நின்ற ஒடெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாஸ் பண்ணக் கத்துக்கணும்னு சின்ன வயசுலேயே எங்க நாட்டு லியோனுக்கு ஓடி வந்தவர் இவர். நான் கடற்பாசி சூப்புக்காகக் கியோட்டோ போனவ. டல்லாஸ்ல பிரெஞ்சு ரெஸ்டாரன்ட் நடத்தினார். வீட்டுல அவர் ஊர்ச் சாப்பாடு எனக்கு, என் ஊர்ச் சாப்பாடு அவருக்கு. உங்ககிட்டச் சொல்லவேண்டாம்னு என்னையும் தடுத்துட்டார்."

"அப்புறம் ஏன் சார் இத்தனை நாள் குடிச்சீங்க?"

"நீங்க... அவ்வளவு தேச்சு... வடிகட்டினீங்களே."

கலாவதிக்குக் காது சுட்டது. அவள் மனம் கோணக்கூடாதென்று ஒரு நோயாளி எலும்பும் தோலுமாகியிருக்கிறார். என்ன பிடிக்கும் என்று கேட்பதுதான் பயிற்சியில் சொல்லித்தந்த முதல் பாடம். முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக் கேட்காமலே விட்டிருந்தாள்.

காப்பெலில் தன் வீட்டுக்குத் திரும்பியதும் மருமகள் தென்றலிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஏனுங்கத்தை, உங்களை வேலைக்கு அனுப்பற ஆபீஸ் பார்ட்டில எல்லாத்துக்கும் பீட்சா, உங்களுக்கு மட்டும் சன்னா மசாலா வாங்கி வெச்சாங்கன்னு வந்து என்ன கத்து கத்துனீங்க! 'எனக்கு மட்டும் நாக்கு வேறயா'ன்னு!"

"வாய மூடு புள்ள."

அன்று இரவு கலாவதிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, வாசலில் நின்றபடியே, "தப்பு என்மேலதான் மேடம்" என்றாள். ஒடெத் ஃபிரிட்ஜைத் திறந்து வெண்ணெயை வெளியே வைத்தாள். வெந்த உருளைக்கிழங்கைக் கலாவதி அதே வடிகட்டியில் தேய்த்து, வெண்ணெய் சேர்த்து, கரண்டியைச் சாய்த்துப் பதம் பார்த்தாள். மொரித்தாவை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"உப்புப் போதுமா சார்?"

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கரண்டியை நீட்டாமல் காத்திருந்தாள்.